எரிந்த காட்டில் பெய்யும் முதல் மழை

மெக்ரிட்சி நடையர்:

சிங்கப்பூரில் புகைமூட்டம் வந்தால் நம் எல்லாருக்கும் காற்றுத்தரக் குறியீடு மனப்பாடம். 2013 ஜூனில் அது 401ஐத் தொட்டது பலருக்கு இன்னும் நினைவிருக்கும். மழை பெய்து புகை அடங்கினால் பேச்சும் அடங்கிவிடும். அந்த மழை எரிந்த நிலத்தின்மேல் விழும்போது அங்கே என்ன ஆகிறது என்பதை நாம் பேசியதே இல்லை, அதற்காகத்தான் இந்த இழை.

என்னை இதற்குள் இழுத்தது மான்டிசிட்டோ என்ற மலையடிவார ஊரில் நடந்தது. கலிஃபோர்னியாவில் 2017 டிசம்பரில் தாமஸ் தீ என்று ஒன்று பரவியது, ஏறக்குறைய 1,140 சதுர கிலோமீட்டர், அதாவது சிங்கப்பூரைப் போல ஒன்றரை மடங்கு நிலம். 2018 ஜனவரி 9 அன்று விடிவதற்கு முன் அந்த மலையில் மழை பிடித்தது. சில இடங்களில் 5 நிமிடத்தில் அரை அங்குலம். நம் ஊரில் பிற்பகலில் அப்படி ஒரு மழை பெய்தால் குடையை விரித்துக்கொண்டு காப்பிக்கடைக்குப் போய்விடுவோம். அங்கே மலையிலிருந்து சேறும் வீடளவு பாறைகளும் ஒன்றாக இறங்கி 23 உயிர்களைக் கொண்டுபோயின. தீ முழுதாகக் கட்டுக்குள் வந்துவிட்டது என்ற அறிவிப்பே அதற்கு மூன்று நாள் கழித்துத்தான் வந்தது.

என் கேள்வி இதுதான். அதே சரிவு, முந்தைய ஆண்டு அதே அளவு மழையைச் சத்தமில்லாமல் வாங்கிக்கொண்ட சரிவு, தீக்குப் பிறகு ஏன் இப்படி நடந்துகொள்கிறது? மரம் போனதாலா, மண்ணே மாறிவிடுவதாலா? மெக்ரிட்சி, பியர்ஸ், அப்பர் சிலேத்தார் எல்லாம் காட்டுக்கு நடுவில் இருக்கும் நீர்த்தேக்கங்கள் என்பதால் இது நமக்குத் தூரத்து விஷயமாக எனக்குப் படவில்லை.


மண்புழு:

இரண்டுமே நடக்கிறது. நான் பள்ளியில் புவியியல் சொல்லிக்கொடுப்பவன், எனக்குத் தெரிந்தவரை விளக்குகிறேன், கொஞ்சம் நீளும்.

எரியாத காட்டில் மழைத்துளி நேராக மண்ணைத் தொடுவது அபூர்வம். இலையில் விழும், கிளையில் வழியும், அப்புறம் சருகு, சருகுக்குக் கீழே பாதி மட்கிய படலம், அதற்கும் கீழே வேரும் புழுவும் எறும்பும் போட்டு வைத்த துளைகள். ஒவ்வோர் இடத்திலும் தங்கித் தங்கித்தான் தண்ணீர் இறங்கும். நல்ல காட்டுக்குள் அடைமழையில் நடந்து பார்த்தவர்களுக்குத் தெரியும், பாதையில்தான் தண்ணீர் ஓடும், பாதைக்குப் பக்கத்தில் சருகு கிடக்கும் தரையில் ஓடாது. கடுமையான தீ இந்த அடுக்குகளை ஒரே நாளில் எடுத்துவிடுகிறது. பெரிய துளி நொடிக்கு 9 மீட்டர் வேகத்தில் வெறும் மண்ணில் வந்து மோதும்போது மண் சிதறுகிறது, சிதறிய நுண்துகளும் சாம்பலும் துளைகளை அடைத்து மேலே பொருக்கு கட்டுகிறது.

அடுத்தது, மண்ணே தண்ணீரை ஏற்க மறுப்பது. சருகில் மெழுகும் பிசினும் உண்டு. எரியும்போது அவை ஆவியாகி, ஒரு பகுதி மேலே போகாமல் கீழே இறங்கி, சில சென்டிமீட்டர் ஆழத்தில் சூடு குறைந்த மண்துகள்களின் மேல் படிந்துவிடுகிறது. மண்ணின் சூடு ஏறக்குறைய 175 முதல் 200 டிகிரி செல்சியஸைத் தாண்டும்போது இந்தப் பூச்சு வலுவடைகிறது. 280, 300 டிகிரியைத் தாண்டினால் பூச்சே எரிந்து போய்விடும். இதனால் கடுமையாக எரிந்த இடத்தில் வினோதமான ஓர் அமைப்பு உருவாகிறது: மேலே ஓர் அங்குல மண் தண்ணீரைக் குடிக்கும், அதற்குக் கீழே இருக்கும் அடுக்கு குடிக்காது. மேல்மண் மட்டும் ஊறி, கீழே போக வழி இல்லாமல், சரிவில் அப்படியே வழுக்கிக் கிளம்புகிறது. அமெரிக்க மண் ஆய்வாளர் லெனர்ட் டிபானோ 1960களிலேயே தெற்கு கலிஃபோர்னியாவில் இதை ஆராயத் தொடங்கினார். சோதித்துப் பார்க்கக் கருவி எதுவும் வேண்டாம், சாம்பலை ஒதுக்கிவிட்டு மண்மேல் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டு எத்தனை நொடியில் இறங்குகிறது என்று எண்ணினால் போதும். சில இடங்களில் அது தாமரை இலைத் தண்ணீராக உருண்டு நிற்கும்.


வேரும் விழுதும்:

தீ என்றாலே அழிவு என்ற தொனி எனக்கு ஒப்பவில்லை. தீயோடு சேர்ந்தே வளர்ந்த காடுகளும் புல்வெளிகளும் உலகம் முழுக்க இருக்கின்றன. சாம்பலில் சுண்ணாம்பும் பொட்டாசியமும் இருக்கிறது, மண்ணுக்கு உரம். அதோடு சாம்பலே ஆரம்பத்தில் தண்ணீரை உறிஞ்சித் தேக்கி வைக்கும் என்று காட்டிய ஆய்வுகளும் உண்டு. எல்லாத் தீயையும் மான்டிசிட்டோ என்று பேசினால், சிறு தீயைக்கூட விடாமல் அணைத்து அணைத்துச் சருகையும் சுள்ளியையும் சேர்த்து வைத்து, கடைசியில் பெரிய தீக்கு நாமே வழி செய்வோம். அமெரிக்கா நூறு ஆண்டு அதைத்தான் செய்தது.


மண்புழு:

நீங்கள் சொல்வதில் முக்கால்வாசி எனக்கும் சம்மதம். சாம்பல் தடிமனாகக் கிடக்கும்வரை முதல் சில மில்லிமீட்டர் மழையை அது பிடித்து வைக்கும் என்பது சரி. ஆனால் காற்றும் முதல் மழையும் அந்தச் சாம்பலை வாரிக்கொண்டு போனபின் அடியில் இருக்கும் மண் வெறுமையாக நிற்கும். உரம் என்கிறீர்கள், சரிவில் கிடக்கும் உரம் சரிவிலேயே தங்கினால்தானே உரம்? ஓடைக்குப் போய்ச் சேர்ந்தால் அது பாசிக்குத் தீனி.

லேசான தீக்கும் கடுமையான தீக்கும் இடையில் உள்ள வேறுபாட்டை நீங்கள் எடுத்து வைத்தது நல்லது, விஷயமே அதில்தான் இருக்கிறது. சருகின் மேல்தோல் கருகி அடிப்படலம் மிஞ்சியிருந்தால் அந்தச் சரிவு பெரும்பாலும் தப்பிக்கும். அடிப்படலம் வரை வெந்து வெறும் மண் தெரிந்தால் ஆபத்து. மரத்தின் உச்சியைப் பார்த்து இதைச் சொல்ல முடியாது, குனிந்து தரையைப் பார்க்க வேண்டும்.


கோட்டகுடிக்காரன்:

நான் போடி பக்கம், இப்போது துவாஸில் கட்டுமானத் தளத்தில் வேலை. குரங்கணி தீ எங்கள் மலையில் நடந்தது, 2018 மார்ச் 11, மலையேறப் போன பிள்ளைகள் அதில் மாட்டிக்கொண்டு இறந்தது ஊருக்கே ஆறாத வேதனை. அதைப் பற்றி நிறையப் பேசியாயிற்று, நான் தண்ணீரைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

எங்கள் பக்கம் மாசியிலிருந்து சித்திரை வரை மலையில் எங்காவது புகை தெரிந்துகொண்டே இருக்கும். பெரும்பாலும் புல் எரிவது. ஆளுயரத்துக்கு நிற்கும் காய்ந்த புல், தீ பிடித்தால் ஓடுகிற ஓட்டத்தில் மண் சூடாகவே நேரம் இருக்காது. வேர் அப்படியே இருக்கும், கோடைமழை ஒன்று விழுந்தால் பச்சை கட்டிவிடும். அதனால் புல் சரிவிலிருந்து வரும் மண் அவ்வளவு இல்லை. சோலைக்காட்டு ஓரமும் ஓடைக்கரை மரக்கூட்டமும் எரிந்தால்தான் கதை வேறு. அங்கே கட்டை கட்டையாக நாள்கணக்கில் கனன்று கிடக்கும், அடிமண் வரை வெந்துவிடும். அந்த வருஷம் முதல் மழைக்கு ஓடைத் தண்ணீர் கறுப்பாக வரும், அடுத்த மழைகளுக்குச் செம்மண் நிறத்தில் வரும். கறுப்பு போனால் பிரச்சினை போய்விட்டது என்று கீழே இருப்பவர்கள் நினைப்பார்கள், என்னைக் கேட்டால் சிவப்பு வரும்போதுதான் மலை கரைகிறது. எங்கள் கொட்டகுடி ஆறு கடைசியில் வைகையில் சேர்கிறது. 1959இல் கட்டிய வைகை அணையில் வண்டல் படிந்து கொள்ளளவு குறைந்துவிட்டது என்று ஊரில் எல்லாரும் பேசுவார்கள், தூர்வாரச் சொல்லிக் கேட்பார்கள். மலையில் சருகைக் காப்பாற்று என்று யாரும் கேட்பதில்லை.


மெக்ரிட்சி நடையர்:

கோட்டகுடி அண்ணா, அந்தக் கறுப்பும் சிவப்பும் பற்றிச் சொன்னதற்கு மிக்க நன்றி. எந்தக் கட்டுரையிலும் இதை நான் இவ்வளவு தெளிவாகப் படித்ததில்லை.

மண்புழு சார், ஒன்று கேட்க வேண்டும். தண்ணீர் ஏற்காத அந்த அடுக்குதான் முக்கியக் காரணமா, தரை மூடாமல் கிடப்பதா? நீங்கள் இரண்டும் என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிட்டீர்கள்.


மண்புழு:

என் தீர்ப்பு, தரை மூடாமல் கிடப்பதுதான். மெழுகுப் பூச்சு கேட்கச் சுவாரசியமான விஷயம், அதனால் எல்லாரும் அதையே எழுதுகிறார்கள். ஆனால் அது பல இடங்களில் ஓரிரு ஆண்டில் தேய்ந்துவிடும், மண் நன்றாக நனைந்தபின் தற்காலிகமாகச் செயலிழக்கும், எரியாத காட்டிலும் ஓரளவு இருக்கும். கொலராடோவில் ஒரு சோதனை செய்தார்கள். எரியாத காட்டில் தீயே வைக்காமல் சருகையும் மட்கையும் மட்டும் வாரி எடுத்துவிட்டுப் பார்த்தால், எரிந்த சரிவுக்கு நிகராக மண் அடித்துக்கொண்டு போனது. தீ இல்லை, சூடு இல்லை, தீயால் படியும் மெழுகும் இல்லை, ஆனாலும் அதே விளைவு. எனக்கு இதற்குமேல் சாட்சி வேண்டியதில்லை.

மரம் எரிந்த படத்தைப் பார்த்து நாம் கலங்குகிறோம், மரக்கன்று நட ஓடுகிறோம். முதல் மழைக்குள் அந்தக் கன்று என்ன செய்துவிடும்? அந்த மழையைத் தாங்குவது தரையில் கிடக்கும் குப்பைதான்.

வேருக்கு ஒரு பங்கு உண்டு, ஆனால் அது பிறகு வரும். செத்த மரத்தின் வேர் சில ஆண்டுகள் மண்ணைப் பிடித்துக்கொண்டிருக்கும், அது உளுத்துப்போகும்போது, தீயை எல்லாரும் மறந்த பிறகு, சரிவுகளில் நிலச்சரிவு வரும்.


பொங்கோல் வாசி:

மூடுவது என்றால் எதைக் கொண்டு? இவ்வளவு பெரிய மலையை யார் போய் மூடுவது?


கோட்டகுடிக்காரன்:

இதில் எனக்குக் கைப்பழக்கம் இருக்கிறது அக்கா, அளவுதான் வேறு. இங்கே கட்டுமானத் தளத்தில் மண்ணை வெட்டித் திறந்து போட்டால் அன்றே அதை மூட வேண்டும். கால்வாயில் விடும் தண்ணீரில் லிட்டருக்கு 50 மில்லிகிராமுக்கு மேல் மண்துகள் இருக்கக் கூடாது என்பது பொதுப் பயனீட்டுக் கழகத்தின் விதி. சரிவு என்றால் தென்னைநார்ப் பாய் விரிப்போம், கான்கிரீட் பூசுவோம், தார்ப்பாய் போடுவோம். மழைக்கு முன் மூடிய சரிவிலிருந்து வரும் தண்ணீருக்கும் மூடாத சரிவிலிருந்து வரும் தண்ணீருக்கும் உள்ள வேறுபாடு கண்ணுக்கே தெரியும். சேறு கிளம்பியபின் தொட்டி கட்டிப் பிடிப்பது பெரும்பாடு, கிளம்பாமல் தடுப்பது சுலபம், இதை நான் எந்தத் தளத்திலும் சொல்வேன்.


மண்புழு:

அதே வேலையைத்தான் பெரிய அளவில் செய்கிறார்கள். அமெரிக்க வனத்துறையில் தீ அணையும்போதே வந்து இறங்கும் குழுக்கள் உண்டு. எந்தச் சரிவு எவ்வளவு எரிந்தது, அதற்குக் கீழே வீடோ குடிநீரோ இருக்கிறதா என்று வரைபடம் போட்டு, அந்தச் சரிவுகளுக்கு மட்டும் ஹெலிகாப்டரிலிருந்து வைக்கோலும் மரச்சீவலும் தூவுகிறார்கள். தரையில் 60, 70 சதவீதம் மூடினால் அரிப்பு பெருமளவு அடங்கிவிடும். ஸ்பெயினின் கலீசியாவிலும் போர்ச்சுகலிலும் இது நன்றாக வேலை செய்திருக்கிறது. வைக்கோல் காற்றில் பறக்கும், களைவிதை கொண்டுவரும், மரச்சீவல் கனம் என்பதால் நிலைக்கும், ஆனால் செலவு அதிகம்.

முன்பெல்லாம் புல்விதை தூவுவார்கள். விதை முளைக்கும் முன்பே பெருமழை வந்துவிட்டால் விதையும் மண்ணோடு போய்விடும், அதனால் இப்போது அதைப் பெரிதாக நம்புவதில்லை. சரிவுக்குக் குறுக்கே மரத்துண்டுகளைக் கிடத்துவதும் சிறுமழைக்குச் சரி, பின்னால் வண்டல் நிறைந்ததும் தண்ணீர் அதன்மேல் ஏறிப் போகும்.


பொங்கோல் வாசி:

நான் தண்ணீர்ச் சுத்திகரிப்புத் துறையில் வேலை செய்தவள், அந்தப் பக்கத்தைச் சேர்த்துவிடுகிறேன், ஏனென்றால் வெள்ளத்தைப் பற்றிப் பேசும் அளவுக்குக் குழாயைப் பற்றி யாரும் பேசுவதில்லை.

டென்வர் நகரத்துக்குத் தண்ணீர் வரும் மலையில் 1996 மே மாதம் பஃபலோ கிரீக் தீ வந்தது. இரண்டே மாதத்தில் ஒரு புயல்மழை, இரண்டு பேர் இறந்தார்கள், ஸ்ட்ரான்ஷியா ஸ்பிரிங்ஸ் நீர்த்தேக்கத்தில் மண் வந்து குவிந்தது. 2002இல் அதே மலைத்தொடரில் ஹேமன் தீ, ஏறக்குறைய 560 சதுர கிலோமீட்டர். தூர்வாருதல், சுத்திகரிப்பு, மலைச்சரிவைச் சீர்செய்தல் எல்லாம் சேர்த்து அந்த நகரத் தண்ணீர் நிறுவனம் 27 மில்லியன் டாலருக்கு மேல் செலவழித்தது. இத்தனைக்கும் தீ எரிந்தது நகரத்துக்கு வெளியே வெகுதூரத்தில்.

கான்பெராவும் அப்படித்தான். 2003 ஜனவரித் தீயில் காட்டர் நீர்ப்பிடிப்புப் பகுதி எரிந்தது. அதுவரை அந்த மலைத் தண்ணீர் அதிகச் சுத்திகரிப்பு தேவைப்படாத தண்ணீர். மழைக்குப் பிறகு வண்டலும் இரும்பும் மாங்கனீசும் வந்து சேர்ந்ததால் புதிய சுத்திகரிப்பு நிலையமே கட்ட வேண்டியதாயிற்று. கலங்கல் அதிகமானால் படிகாரம் கூடுதலாகப் போட வேண்டும், வடிகட்டி சீக்கிரம் அடைபடும், குளோரினுக்குக் கிருமியைத் தொடுவதே கடினமாகும். கரைந்து வரும் கரிமப்பொருளோடு குளோரின் சேரும்போது வேண்டாத துணைப்பொருள்கள் உண்டாகும். பாஸ்பரஸ் வண்டலோடு அடியில் போய் உட்கார்ந்து ஆண்டுக்கணக்கில் பாசிக்குத் தீனி போடும். 2020 பிப்ரவரிப் பெருமழைக்கு முன் சிட்னிக்காரர்கள் வாரகம்பா அணைக்குப் பின்னால் மிதவைத் திரைகள் போட்டு வைத்ததும் எரிந்த காட்டின் சாம்பலும் வண்டலும் வந்துவிடும் என்ற பயத்தில்தான்.


வேரும் விழுதும்:

நல்ல தகவல் அக்கா. ஆனால் காடு எரிந்தால் ஆற்றில் வரும் தண்ணீர் கூடும் என்பதும் உண்மைதானே? உறிஞ்ச மரம் இல்லையே.


பொங்கோல் வாசி:

முதல் சில ஆண்டுகள் கூடும். அப்புறம் என்ன ஆகும் என்பதற்கு மெல்போர்னைப் பாருங்கள் தம்பி. அங்கே நீர்ப்பிடிப்பில் நிற்பது மலைச்சாம்பல் மரம் என்று அழைக்கப்படும் மிக உயரமான யூகலிப்டஸ். 1939 ஜனவரித் தீயில் பெரிய பரப்பு எரிந்தது. அந்த மரம் தீயில் செத்துவிடும், விதையிலிருந்து அடர்த்தியாக ஒரே வயதில் எழும். வளரும் இளங்காடு முதிர்ந்த காட்டைவிட மிக அதிகமாகத் தண்ணீர் குடிக்கும். 20, 30 ஆண்டு கழித்து ஓடைகளில் வரும் நீர் முதிர்ந்த காட்டில் வந்ததில் பாதி அளவுக்குக்கூட இறங்கியது, மீண்டுவர நூறாண்டுக்கு மேல் ஆகும் என்பது கணக்கு. ஆக, முதலில் வேண்டாத நேரத்தில் வேண்டாத வேகத்தில் அதிகம், பிறகு வேண்டிய நேரத்தில் குறைவு. எல்லா மரவகைக்கும் இது பொருந்தாது, வெட்டினால் அடியிலிருந்தே துளிர்க்கும் வகைகளில் இவ்வளவு வீழ்ச்சி இருக்காது.


மெக்ரிட்சி நடையர்:

சிங்கப்பூருக்கு வருவோமா? ஆண்டுக்கு 2,100 மில்லிமீட்டருக்கு மேல் மழை பெய்யும் ஊரில் தீயா என்று என் நண்பர்களே கேட்கிறார்கள். 2014 பிப்ரவரி 1869க்குப் பிறகு பதிவான மிக வறண்ட மாதம். அப்போது புல்தரைகள் பழுப்பாகி, புதர்த்தீக்காகக் குடிமைத் தற்காப்புப் படை ஓடிக்கொண்டே இருந்தது. முதிர்ந்த காடு ஈரமாக நிற்கும், எளிதில் பிடிக்காது. ஆனால் பழைய தோட்ட நிலங்களில் மண் களைத்துப்போன இடங்களில் வளரும் ரெசாம் பெரணியும் லாலாங் புல்லும் அடியில் காய்ந்த தண்டைக் குவித்து வைக்கும், அது பிடிக்கும்.


மண்புழு:

ஆமாம், ஆனால் நமக்குச் சாதகமான ஒன்றும் உண்டு. கொலராடோவில் தரை மூட ஆண்டுக்கணக்கு ஆகும், இங்கே லாலாங்கும் பெரணியும் சில வாரத்தில் துளிர்த்துவிடும். பாதகம் என்னவென்றால் அந்தச் சில வாரத்துக்குள் ஒரு மணி நேரத்தில் 50, 60 மில்லிமீட்டர் கொட்டக்கூடிய மழையும் இங்கேதான்.

தீயே இல்லாமல் இதே விஷயத்தைப் பார்க்க வேண்டுமானால் புக்கிட் தீமா இருக்கிறது. 2014இல் இயற்கைக் காப்பகத்தை மூடி, சரிவுகளையும் பாதைகளையும் சீரமைத்து, 2016இல்தான் முழுதாகத் திறந்தார்கள். அத்தனை ஆண்டு அத்தனை கால்கள் சருகை மிதித்து ஒதுக்கிய இடங்களில் வேர் வெளியே தெரிந்தது, மண் இறங்கியது. பாதையை விட்டு இறங்காதீர்கள் என்ற பலகையை மதிக்க வேண்டிய காரணம் இதுதான். படத்துக்காக ஓரமாக நடந்து போகிறவர்களைப் பார்த்தால் எனக்கு நிஜமாகவே வருத்தமாக இருக்கிறது.


பொங்கோல் வாசி:

நம் குழாய்த் தண்ணீரில் ஜொகூருக்கும் பங்கு இருப்பதையும் மறக்கக் கூடாது. லிங்கியூ நீர்த்தேக்கம் காடு சூழ்ந்த இடம். 2016இல் அதன் நீர்மட்டம் 20 சதவீத அளவுக்கு இறங்கியது. வறட்சியும் தீயும் ஒரே பருவத்தில்தான் வரும், நீர்த்தேக்கம் குறைந்திருக்கும் நேரத்தில் வண்டல் வந்தால் கலக்கிக் கரைக்கக்கூடத் தண்ணீர் இருக்காது.


வேரும் விழுதும்:

சுமத்ரா, கலிமந்தானில் பாதி மட்கிய செடிகொடிகள் படிந்தே மண்ணான கரிச்சதுப்பு நிலத்துக்கும் இதே கணக்கா? அங்கே சரிவே இல்லையே.


மண்புழு:

அங்கே வேறு விதம். 2015இல் இந்தோனேசியாவில் 26 லட்சம் ஹெக்டர் எரிந்தது, அப்போது எழுந்த புகையில் பெரும்பகுதி கரிச்சதுப்பிலிருந்து வந்தது. கால்வாய் வெட்டி வடித்த நிலம் காய்ந்து, மண்ணே எரிபொருளாகிவிடுகிறது. எரிந்தபின் நிலமட்டம் தாழ்கிறது. ஒருமுறை நன்றாகக் காய்ந்த கரிச்சதுப்பு மறுபடி தண்ணீரை முன்போல் உறிஞ்சாது. அதனால் வறட்சியில் எரியும் அதே நிலம் மழையில் வெள்ளக்காடாகிறது. அங்கே மருந்து வைக்கோல் இல்லை, கால்வாயை அடைத்து நிலத்தடி நீரை மேலே கொண்டுவருவதுதான்.


கோட்டகுடிக்காரன்:

எனக்கு ஒரு நேரான கேள்வி. ஊரில் எங்கள் தோட்டத்துக்கு மேல் இருக்கும் சரிவு இந்தக் கோடையில் எரிந்துவிட்டது. ஓடையை ஒட்டிய இடம், வெறும் மண் தெரிகிறது. ஐப்பசி மழைக்கு முன் என்ன செய்யலாம்? விழுந்த மரங்களை இழுத்து விறகுக்கு எடுக்கலாம் என்று சிலர் சொல்கிறார்கள்.


மண்புழு:

விறகுக்கு எடுக்க விடாதீர்கள். கட்டையை இழுக்கும் தடமே தண்ணீருக்கு வாய்க்காலாகும், கிடக்கும் மரம்தான் இப்போது உங்கள் தடுப்பு. அது வனத்துறை நிலம் என்றால் வனச்சரகரிடம் முதலில் பேசி அனுமதி வாங்குங்கள். முழுச் சரிவையும் தொட வேண்டாம், மிகச் செங்குத்தாக, ஓடைக்கு மிக அருகில் உள்ள பகுதி போதும். கிடைக்கும் தழை, சோளத்தட்டை, வைக்கோல் எதுவானாலும் பாதி மண்ணுக்கு மேல் மறையும்படி பரப்புங்கள். கருகி நிற்கும் சிறு கிளைகளை மட்டும் சரிவுக்குக் குறுக்காக, தரையோடு ஒட்டும்படி கிடத்துங்கள், இடைவெளி விட்டால் தண்ணீர் அடியில் புகுந்து அரிக்கும். மாடு ஏறாமல் பார்த்துக்கொள்ளுங்கள். சாம்பல் நிறம் போகும் முன்பே இதைச் செய்தால் நல்லது.


கோட்டகுடிக்காரன்:

பக்கத்தில் உண்ணிச்செடி நிறைய இருக்கிறது, அதை வெட்டிப் பரப்பலாமா?


மண்புழு:

காய் பிடிப்பதற்கு முன் வெட்டியதாக இருந்தால் பரப்பலாம். காய் இருந்தால் வேண்டாம், அடுத்த வருஷம் சரிவு முழுக்க அதுதான் நிற்கும், அதுவும் நன்றாக எரியும். ஆவணிக்குள் முடித்துவிடுங்கள், முடித்தபின் படம் போடுங்கள்.


கோட்டகுடிக்காரன்:

தம்பி ஊரில் இருக்கிறான், இன்று இரவே அவனிடம் சொல்கிறேன். வைக்கோல் எங்கள் தொழுவத்திலேயே இருக்கிறது.